அக்காவைத் தெரியாத விருந்தாளி

லிஃப்ட்காரரின் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். தினமும் கழுவுவது ஒரு தட்டு, ஒரு டம்ளர். மற்றதெல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. எடுத்து ஒழுங்கு செய்ய அவருக்குக் கை வரவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒன்பது மடக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. பிள்ளைகுட்டி இல்லாத, இரண்டே பேர் குடியிருந்த வீட்டில் ஒன்பது மடக்கு நாற்காலி எதற்கு என்று கேட்டால், அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊரில் இருக்கிற அடுக்குமாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வாரத்தில் ஆறு நாள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சர்ச்சுக்குப் போவார்கள். ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். அவள் ஆளைத் தேடுவாள். கேட் ஓரமாக நின்றுகொண்டு, யார் தனியாக நிற்கிறார்கள், யாருக்குப் பேச்சுத்துணை இல்லை, எழுத்துத் தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது யார் என்று பார்த்துவைத்து, அவர்களைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவாள். அந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டட வேலைக்கு வந்தவர்கள், கப்பலிலிருந்து இறங்கியவர்கள், நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்று சொல்ல விரும்பாதவர்கள். அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான். பெயரைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கொடுத்துவிடுவாள்.

எல்லாருக்கும் அவள் அக்கா. அக்காவின் புருஷன் என்ற முறையில் இவர் மாமா. அந்த முறையையும் அவள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாயில் நுழையாத பாஷைகளைப் பேசுகிறவர்களெல்லாம் இந்த இரண்டு வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொன்னார்கள்.

"இத்தனை மச்சானுங்களை எந்தக் கல்யாணத்துல எனக்குக் கட்டி வச்ச?" என்று அவர் பொருமுவார். பொருமிக்கொண்டே நாற்காலிகளைத் தூக்கி வந்து போடுவார்.

அவருடைய மனக்குறை வேறு. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் அவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல், யாரையும் கவனிக்காமல் சாப்பிட வேண்டும். முப்பத்திரண்டு வருடத்தில் அது நடக்கவே இல்லை. அதை அவர் வாயைத் திறந்து கேட்டதும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் முணுமுணுப்பார்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கத்திவிட்டார். "இது வீடா, சத்திரமா? பாதிரியார் பிரசங்கம் பண்ணா நூத்தம்பது பேர் ஆமென் சொல்றாங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடுறாங்க. நீ ஒருத்திதான் அதை உண்மைன்னு நம்பிட்டியா?"

அவள் கோபப்படவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்நியனா வந்து வாசல்ல நிக்கிறது நான்தான்னு ஆண்டவர் சொல்லிட்டாரு. எந்த மூஞ்சியோட வருவேன்னு சொல்லலையேங்க. சொல்லியிருந்தா நான் அந்த ஒருத்தரை மட்டும் கூப்பிட்டிருப்பேன்."

அடுத்த வாரம் இரண்டு நாற்காலி கூடுதலாக வாங்கி வந்தார்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தே நாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு அவர் ஆசைப்பட்டபடி அமைதியாக இருந்தது. எதிரே இருக்க வேண்டியவள்தான் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவனும், முக்காடு போட்ட ஒரு பெண்ணும். பக்கத்தில் இரண்டு பெட்டிகள். அவன் இவருடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா! அக்கா எங்க? ஒளிஞ்சிருக்காங்களா?"

ஆறு வருடத்துக்கு முன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன் என்று அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேலை முடிந்து சொந்த நாட்டுக்குப் போனவன், இப்போது மனைவிக்கு அக்காவைக் காட்ட இரண்டு வாரம் வந்திருந்தான்.

"அக்கா இல்லப்பா," என்றார். "மார்க்கெட்டுக்கா?" என்றான் அவன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். பெட்டியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது.

இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவன் மனைவிக்கு இந்த பாஷை தெரியாது. ஆனால் நடந்தது என்னவென்று புரிந்துகொண்டு, யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போய் அரிசியைத் தேடி எடுத்து உலை வைத்தாள். பாத்திரம் படுகிற சத்தம் கேட்டபோது லிஃப்ட்காரர் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் எட்டு மாதமாக அந்தச் சத்தம் இல்லை.

சாப்பிடும்போது வெல்டர் சொன்னான். "மாமா, நான் முதல் தடவை இங்க வந்தப்ப எங்க அம்மா செத்து ரெண்டு வாரம். போறதுக்கு லீவு குடுக்கல. சோத்தைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்திடுச்சு. மத்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அக்கா என்னன்னு கேக்கல. 'தம்பி, கொஞ்சம் உதவி பண்ணுங்க'ன்னு உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு கூடை வெங்காயத்தைக் குடுத்து நறுக்கச் சொன்னாங்க. அரை மணி நேரம் நறுக்கினேன். நல்லா அழுதேன். ஒருத்தருக்கும் தெரியல."

லிஃப்ட்காரருக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. நாலு நாள் தொடர்ந்து எதைத் தொட்டாலும் வெங்காயம். "வெங்காயக் கடை வைக்கப் போறியா?" என்றுகூடக் கேட்டார். "நிறைய நறுக்கிட்டேங்க," என்று மட்டும் சொன்னாள். யார் நறுக்கியது என்று சொல்லவே இல்லை.

அவர்கள் போன பிறகும் அந்த வெங்காயக் கூடை அவரை விட்டுப் போகவில்லை. கூடவே வாழ்ந்தவருக்குத் தெரியாத அரை மணி நேரம் ஒன்று இருந்திருக்கிறது. யாரோ ஒருவன் அதை ஆறு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அப்படியானால் இன்னும் எத்தனை பேரிடம் அவள் எவ்வளவு மிச்சம் இருக்கிறாள்?

வெல்டர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவனுக்கு போன் போட்டார். "அவளைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுப்பா. ஞாயித்துக்கிழமை. நான் வீட்லதான் இருப்பேன். சாப்பாடு உண்டுன்னு சொல்லு."

சாப்பாடு உண்டு என்று சொல்லியாகிவிட்டது, சமைக்கத் தெரியாது. முதல் வாரம் சோறு பசையாகிவிட்டது. இரண்டாம் வாரம் அடிபிடித்தது. மூன்றாம் வாரம் எப்படியோ இரண்டும் சேர்ந்து நடந்தது. வந்தவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். அவருக்கும் ருசி முக்கியமில்லை. தட்டை வைத்த கையோடு எதிரே உட்கார்ந்து, "சொல்லுங்க," என்பார்.

ஒரு கப்பல் சமையற்காரர் வந்தார். அக்கா தன் பாஷையிலும் அவர் தன் பாஷையிலும் இரண்டு மணி நேரம் பேசியதாகச் சொன்னார். "என்ன பேசினீங்க?" என்று கேட்டதற்கு, "தெரியாது, ஆனா சண்டை இல்ல," என்றார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு பெண், கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்த மாதத்தில் அக்கா தினமும் காலையில் வந்து தனக்குத் தலைவாரி விட்டதைச் சொன்னாள். அந்த மாதம் தன் மனைவி ஏன் அரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொருவர், அக்காவுக்குப் பாடவே வராது என்றும், ஆனால் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றால் தனக்கும் தைரியமாகப் பாட வந்தது என்றும் சொன்னார்.

லிஃப்ட்காரர் அவற்றை வாரம் முழுக்க வைத்துக்கொண்டு சுற்றுவார். லிஃப்ட் கிணற்றின் அடியில் இறங்கி எண்ணெயும் தூசும் துடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். தலைவாருகிற அவள் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஞாயிறு வந்துவிட்டால் பேராசை பிடித்துவிடும். கதை தீர்ந்துபோனவர்களுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்து, "நல்லா யோசிச்சுப் பாருங்க, வேற ஏதாச்சும் சொல்லியிருப்பா," என்பார். சிலர் இல்லாததையும் சொன்னார்கள். அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவள் அப்படிப் பேசுகிறவளா என்ன!

நாலைந்து மாதம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்ஸ் வந்தாள். பன்னிரண்டு வருடமாக இதே ஊரில் இருக்கிறவள், நன்றாகப் பேசினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள் தயங்கினாள்.

"மாமா, இதை உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல."

"எதுவா இருந்தாலும் சொல்லும்மா."

"ஒருநாள் நானும் அக்காவும் பாத்திரம் கழுவிட்டு இருந்தோம். நீங்க இங்க யாரோடயோ பேசிட்டிருந்தீங்க. அக்கா உங்களை எட்டிப் பாத்துட்டு சொன்னாங்க. 'ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை இந்தக் கதவைப் பூட்டிட்டு நானும் அவரும் மட்டும் கடற்கரைக்குப் போகணும்டி. சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கிட்டு. கூட ஒருத்தரும் வரக் கூடாது.' போக வேண்டியதுதானே அக்கான்னு கேட்டேன். 'எப்பவும் யாராச்சும் வந்து நின்னுடுறாங்களே. அவரும் ஒண்ணும் கேக்குறதில்ல'ன்னாங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நர்ஸ் எப்போது கிளம்பினாள் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. அவளும் ஆசைப்பட்டிருக்கிறாள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், இருவரும் ஒரே ஆசையை வைத்துக்கொண்டு, நடுவில் ஒன்பது நாற்காலியைப் போட்டு ஊராருக்குப் பரிமாறியிருக்கிறார்கள். கடற்கரை என்ன கண்காணாத தூரத்திலா இருக்கிறது? பஸ்ஸில் ஏறினால் நாற்பது நிமிடம். முதலில் அவள்மேல் கோபம் வந்தது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு தன்மேல் வந்தது. அதைத் தாங்க முடியாமல், அந்த வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போன அத்தனை பேர்மேலும் திருப்பினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டுப் போனவர்கள் இவர்கள்தான் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை. அடுப்பையும் மூட்டவில்லை. பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

வெளியே ஒல்லியாக ஒருவன். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பையில் ஆப்பிள். பேண்ட் முட்டிப் பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. தரையில் முட்டி போட்டு டைல்ஸ் பதிக்கிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வெல்டர் அண்ணன் போன்ல சொன்னாரு," என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "ஞாயித்துக்கிழமை. இந்த வீடு."

"அக்காவைப் பாத்திருக்கியா?"

"எந்த அக்கா?"

"எங்க வீட்டு அம்மாவை. பாத்திருக்கியா, பேசியிருக்கியா?"

"இல்ல ஐயா. நான் வந்து மூணு மாசம்."

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரிந்ததா இல்லையா, தெரியவில்லை. ஆப்பிள் பையை நீட்டினான்.

"இங்க சாப்பாடெல்லாம் கிடையாது. போப்பா," என்று சொல்லி அவர் கதவைச் சாத்திவிட்டார்.

சாத்திவிட்டு அங்கேயே நின்றார். வெளியே பை கசங்குகிற சத்தம். பிறகு காலடிச் சத்தம். லிஃப்ட்டின் கம்பிக் கதவு இழுபடுகிற சத்தம். மோட்டார் முனகியது. முப்பத்தாறு வருடமாகப் பழகிய காது. தானாகவே மாடிகளை எண்ணியது. ஐந்து, நாலு. அதற்குப் பிறகு ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு. அவருக்குப் பார்க்காமலே தெரியும். அது சரியாகப் பிடிப்பதில்லை, ஓடும்போதே கரண்ட்டைத் துண்டித்துவிடுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். ஊர் லிஃப்ட்டுகளையெல்லாம் ஓட வைத்தவர், சொந்தக் கட்டடத்து லிஃப்ட்டை மட்டும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவள் போனதிலிருந்து வீட்டுப் பக்கம் எந்த வேலையிலும் மனம் போகவில்லை.

அபாய மணி அடித்தது. விட்டு விட்டு அடித்தது. அதற்குள் ஒரு குரல்.

"மாமா! மாமா!"

ஐயா என்று கூப்பிட்டவன், பயத்தில் வெல்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். வேறு யாரையும் அந்த ஊரில் முறை சொல்லிக் கூப்பிட அவனுக்குத் தெரியாது.

லிஃப்ட்காரர் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். நாலாம் மாடிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். கூண்டு பாதி இறங்கி நின்றிருந்தது. கம்பிகளுக்குள் அவன் மூலையோடு ஒட்டிக்கொண்டு, ஆப்பிள் பையை மார்போடு கட்டிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை.

"பயப்படாத. நான்தான்," என்றார்.

"விழுமா?"

"விழாது. விழாம இருக்கத்தான் அத்தனை கயிறு. காத்து வருது பார், நல்லா மூச்சு விடு."

அவன் கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். "போகாதீங்க."

"மேல போய் கையால சுத்தித்தான் இறக்கணும்பா. உன்னை விட்டுட்டுப் போகல." சொன்னபோது அவருக்கே நாக்கு கூசியது. பத்து நிமிடத்துக்கு முன்னால் இவனைத்தான் போ என்றார். "நீ பேசிக்கிட்டே இரு. மேல எனக்குக் கேக்கும்."

"என்ன பேச?"

"என்ன வேணாலும். உன் பாஷையிலயே பேசு."

சட்டையை விட்டான். அவர், மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்த கட்டடக் காவலாளியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறைக்கு ஏறினார். கரண்ட்டை அணைத்தார். காவலாளி பிரேக்கை நெம்பிப் பிடிக்க, அவர் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஒரு சுற்றுக்கு நாலு விரற்கடைதான் நகரும். கயிறுகள் இறங்கிப் போகிற ஓட்டைகள் வழியாகக் கீழேயிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. யாருக்கோ எதையோ விளக்குவது போல் இருந்தது. நடுவில் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி பேசினான். லிஃப்ட்காரர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் அது நின்றுவிடக் கூடாதே என்று அவருக்கு இருந்தது. குரல் தாழ்ந்தபோதெல்லாம், "ம், சொல்லு, சொல்லு!" என்று ஓட்டையில் வாய் வைத்துக் கத்தினார்.

மூன்றாம் மாடிக்கு இறங்கிவந்து கம்பிக் கதவைத் திறந்தார். அவன் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்தார்.

"இந்தப் பூட்டை நான் எப்பவோ மாத்தியிருக்கணும். மாத்தல. என் தப்பு," என்றார். "கதவைச் சாத்தினதும் என் தப்புதான்."

"பரவாயில்ல. நான் போறேன். உங்களுக்குத் தொந்தரவு."

"தண்ணி குடிக்காம போகக் கூடாது. ரெண்டு மாடிதான், படியில ஏறலாம் வா."

வீட்டில் சமைத்தது ஒன்றுமில்லை. அவர் உலை வைத்து, இருந்த நாலு முட்டையையும் உடைத்து ஊற்றினார். அவன் தண்ணீர் குடித்துவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்கதான் அக்காவா?"

"ம்."

"எப்படி இருப்பாங்க?"

கரண்டியைப் பிடித்த கை நின்றுவிட்டது. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்ல, இவர் கேட்டார். இவரிடம் யார் கேட்பது?

"வேகமா நடப்பா," என்றார். "கூட நடக்கவே முடியாது. ரெண்டு எட்டு முன்னாடி போயிட்டு, நின்னு திரும்பிப் பாப்பா." பிறகு வந்துகொண்டே இருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டு அவள் இடது கையில் வரிவரியாக இருந்த தழும்புகள். பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் கிடைத்த துணியையெல்லாம், அடுத்தவர் மடியில் இருக்கும் கைக்குட்டையைக்கூட, மடித்து வைத்துவிடுகிற பழக்கம். தூங்கும்போது அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள், விடிந்த பிறகு விரல்களைப் பிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கடற்கரைக்குப் போகாத கதையையும் சொன்னார். "நான் திட்டிக்கிட்டே இருந்தேனே தவிர, வா போலாம்னு ஒரு நாள் கேக்கலப்பா. கேட்டிருந்தா வந்திருப்பா."

டைல்ஸ்காரனுக்கு அதில் பாதியாவது புரிந்திருக்குமா என்று தெரியாது. அவன் தலையாட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. சாப்பிடாமல் காத்திருந்தான். அவர் முடித்த பிறகுதான் தட்டில் கை வைத்தான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அவர் மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டை மாற்றினார்.

டைல்ஸ்காரன் அதற்குப் பிறகு வாராவாரம் வந்தான். கூட வேலை செய்கிறவர்களையும் அழைத்து வந்தான். அவர்களில் ஒருவருக்கும் அக்காவைத் தெரியாது. ஒன்றரை வருடத்தில் அவளைத் தெரிந்தவர்கள் மெதுமெதுவாக வேறு ஊர்களுக்கும் சொந்த நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் தானே சர்ச் கேட் அருகே போய் நின்றார். கூச்சம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு பேருக்கு நடுவில் அவள் எப்படித்தான் கூசாமல் கையைப் பிடித்தாளோ! கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தனியாக நின்ற ஒரு பெண்ணிடம் போய், "நீங்க வெளியூரா? வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்," என்றார். அவள் பாதிரியாரின் கொழுந்தியாள். சர்ச்சே சிரித்தது. ஆனாலும் அவள் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். சோறு கொஞ்சம் குழைந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

இதனாலெல்லாம் மனைவியைத் தேடுகிற தேட்டம் அவருக்குக் குறைந்தது என்று சொல்ல முடியாது. மேசை நிறைய ஆள் இருக்கும்போதுதான் அது கூடியது. யாராவது ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது, அவள் காதில் இது விழவில்லையே என்று இருக்கும். சில நாட்களில் பரிமாறிக்கொண்டே சமையலறைக்குள் போய், ஒன்றும் எடுக்காமல் சும்மா நின்றுவிட்டு வருவார். முன்பு போல யாரையும் கதை கேட்டு நச்சரிப்பதில்லை. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ," என்பார்.

ஒரு ஞாயிறு எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு டைல்ஸ்காரன் மட்டும் இருந்தான். அவன் போன் அடித்தது. அவன் மனைவி. கல்யாணமாகி ஏழு மாதத்தில் விட்டுவிட்டு வந்தவன்; பார்த்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. திரையில் சின்ன முகம், பின்னால் நீல வண்ணமடித்த சுவர். அவள் ஏதோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் மறுபடி அதையே கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் லிஃப்ட்காரர்.

"சாப்பிட்டியான்னு கேக்குறா. சாப்பிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. தினமும் இப்படித்தான்."

"குடு இங்க," என்று போனை வாங்கினார். தமிழில்தான் பேசினார். "சாப்பிட்டான்மா. வயிறு நிறைய சாப்பிட்டான். இங்க பாரு," என்று அவன் தட்டை எடுத்துக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கித் தட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அத்தனை தூரத்திலிருந்து ஒருத்தி தன் புருஷனின் காலித் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவருக்கு அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தன்னை அப்படிக் கேட்க இனி ஆளில்லை என்று நினைத்துக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

டைல்ஸ்காரன் வார்த்தை தேடினான். "மாமா சாப்பிட்டாரான்னு கேக்குறா."

காலையிலிருந்து அடுப்படியில் நின்றதில் அவர் இன்னும் வாயில் ஒன்றும் போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே நினைவு வந்தது.

"இல்லம்மா," என்றார். "இனிமேதான்."

அவள் விடவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஏதோ அதட்டினாள். டைல்ஸ்காரன் எழுந்து, ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, மிச்சமிருந்த சோற்றைப் போட்டான். போனைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து, அவருக்கு எதிரே நிறுத்தினான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முதல் வாய் வைக்கிற வரைக்கும் அந்தப் பெண் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.